குனிந்த கழுத்து

நமுனுகுலப் பக்கம் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினால் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள். அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் விஜயலெட்சுமிக்கு இரண்டாவதாகப் பிறந்தவள் ஜெயந்தினி. மூத்தவன் ரஜீவ். இரண்டு காம்பரா தள்ளி விஜயலெட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன் தம்பையா இருந்தார். அவருடைய ஒரே மகள் இராக்கம்மா. தகப்பனைப் பெற்றவளின் பேரை அப்படியே வைத்தது. ஆக, தம்பையா ஜெயந்தினிக்குத் தாய்மாமன், இராக்கம்மா மாமன் மகள். இந்த முறையை மறக்கக் கூடாது. இரண்டு பேரில் ஒருத்தி ஆணாகப் பிறந்திருந்தால் சம்பந்தம் தேடி யாரும் எங்கும் அலைந்திருக்க வேண்டாம். தம்பையாவே முன்னுக்கு நின்று கட்டிவைத்திருப்பார். பிறந்தது இரண்டும் பெண். அதிலும் ஜெயந்தினிக்கு இடது கால் சூம்பி, பாதம் உள்ளே திரும்பி இருந்தது.

பிறந்த மூன்றாம் நாள் பார்க்க வந்த பெண்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "மலைக்கு ஆகாது" என்றார்கள். கொழுந்து பறிக்கிற சரிவில் அந்தக் காலை ஊன்ற முடியாது என்று அர்த்தம். ஒரு வயதில் தம்பையா மடியில் வைத்துக் காது குத்தினார். அது ஒன்றுதான் அவர் மாமனாக நின்று செய்தது. பெரியவளானபோது சீர் கொண்டுவரவில்லை. "ஊரைக் கூட்டி எதைக் காட்டுறது?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார். விஜயலெட்சுமியும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் ஜெயந்தினி பதுளைக்குப் போய் வாஹித் நானாவின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பியூட்டரில் படம் திருத்துகிற வேலை. தோட்டத்தில் ஒருவர் செத்துப்போனால் வீட்டில் நல்ல படம் இருக்காது. அடையாள அட்டையில் உள்ள தலையை எடுத்து, அதற்குக் கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்க வேண்டும். மாறுகண்ணை நேராக்குவாள். வெட்டுக்காயத் தழும்பை எடுப்பாள். ஊன்றுகோலை எடுத்துவிட்டுக் கையைத் தொங்கவிடுவாள். கல்யாண ஆல்பம் வந்தால், "ஓரத்துல நிக்கிற ஆளு வேணாம்" என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள். ஓரத்தில் நிற்பது வாய் பேசாத சித்தியாக இருக்கும், கழுத்துக் கோணிய தம்பியாக இருக்கும். ஆள் இருந்த தடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

பிறகு ரஜீவுக்குச் சம்பந்தம் வந்தது, பசறைப் பக்கத்திலிருந்து. பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று விஜயலெட்சுமி மகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். "ஒரு ரெண்டு மணி நேரம் விறகுக் கொட்டில்ல இரும்மா. கேட்டா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்." வெளியே கொக்கி போட்டாள். இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமானது. கல்யாணத்தன்று எப்படியோ ஜெயந்தினி குடும்பப் படத்தில் ஓரமாக நின்றுவிட்டாள். பத்து நாள் கழித்து வாஹித் நானா அந்தப் படத்தையே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். சீட்டில் எழுதியிருந்ததை மட்டும்தான் பார்த்திருந்தார்.

"புள்ள, ஓரத்துல நிக்கிற ஆள எடுக்கோணுமாம். பொண்ணு ஊட்டுக்காரங்க வெளிநாட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

சீட்டு ரஜீவின் கையெழுத்து. ஜெயந்தினி தன்னை எடுத்தாள். வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரத்தை இன்னொன்று செய்து வைத்தாள். அரை மணி நேர வேலை.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிய அன்று இராக்கம்மா வந்தாள். அவள் தோட்டத்தில் பேர் பதிந்த கொழுந்துக்காரி. தோள் அகலம், வாயும் அகலம். படத்துக்குக் கிட்டே போய் நின்று பார்த்தாள்.

"இந்த எடத்துல நீயில்ல நின்ன? இந்த வாழமரம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் வச்சேன்."

"நல்லாத்தான் வச்சிருக்க. குலை தள்ளியிருக்கு." படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். "இனிமே எவன் போட்டோ புடிச்சாலும் நான் நிக்க மாட்டேன். வாழமரத்துக்குப் பக்கத்துல நிக்க நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்திலும், திருவிழாவிலும், யாருடைய போனிலும் அவள் முகம் இல்லை. கேமராவைத் தூக்கினால் திரும்பிக்கொள்வாள். பிடிவாதக்காரி என்று லயத்தில் விட்டுவிட்டார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஜெயந்தினியை மேலே தூக்கிக்கொண்டு போவதும் இராக்கம்மாதான். சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்பாள். மலையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அவிழ்த்து, தொட்டில் மாதிரி மடித்து, கூடைக் கயிற்றை அதில் கோத்து நெற்றியில் மாட்டிக்கொள்வாள். ஜெயந்தினி முதுகில் ஏறிக் கழுத்தெலும்பைப் பிடித்துக்கொள்வாள். பீலிக்கரையில் குளிக்கிற பிள்ளைகள், "அந்தா வருது, மூணு காலு குதிர" என்று கத்தும். பெரியவர்கள் அதட்ட மாட்டார்கள். அவர்களுக்கும் சிரிப்பு.

"கூடையைவிட நீ மூணு மடங்கு கனம்" என்பாள் இராக்கம்மா. "ஆனா கூடை காதுல பேசாது."

அறுபதாவது படியில் ஒரு கல் இருக்கிறது. எல்லாரும் சுமையை இறக்கி மூச்சு வாங்குகிற கல். ஒரு நாள் அங்கே வந்தும் இராக்கம்மா இறக்கவில்லை, அப்படியே நின்றாள். "எறக்கு, உனக்கு வலிக்கும்" என்றாள் ஜெயந்தினி. "வலிக்கட்டும்" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்ததற்குப் பேர் வைக்கவில்லை. ஹாலிஎலயில் நிஷாந்த்தான் பேர் வைத்தான்.

நிஷாந்த் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவன். இடுப்பை ஒடித்து நடப்பான், விரலில் மருதாணி இருக்கும். விடியுமுன் போய் மூன்று மணி நேரம் பெண்ணைச் சோடித்து உட்காரவைப்பான். படம் எடுக்கும்போது மட்டும், "நீ கொஞ்சம் ஒதுங்கு" என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடை அறைக்குப் போய்விடுவார்கள். மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்பார்கள். "புருசனும் பொஞ்சாதியும் வந்தாச்சா, வாங்க" என்று அவன் கூப்பிட்டபோது இராக்கம்மா வெட்கப்பட்டதை ஜெயந்தினி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

அந்த அறையில்தான் ஜெயந்தினி வரையத் தொடங்கினாள். காரணம் இராக்கம்மா கேட்ட கேள்வி. "இத்தனை பேரை எடுத்துட்டியே, அவங்கள்லாம் எங்க போனாங்க?" ஜெயந்தினிக்கு எடுத்த ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருந்தது. கிழிந்த படங்குகளை இராக்கம்மா லயத்தில் சேர்த்துக் கொண்டுவந்தாள். கொழுந்துக்காரியின் விரலில் ஏறுகிற கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பச்சைக் கொழுந்தைக் கசக்கி அந்தக் கறையாலேயே ஜெயந்தினி படங்கில் நிழல் போட்டாள். கோயில் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட் மற்ற நிறங்களுக்கு. வாய் பேசாத சித்தியை வரைந்தாள். கழுத்துக் கோணியவனைக் கோணியபடியே வரைந்தாள். நிஷாந்தைக் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் ஒல்லியா போடுங்கக்கா" என்றான் அவன். "கல்யாண ஆல்பத்துலதான் நான் இல்ல. சாக்குலயாவது இடுப்பு இருக்கட்டும்."

"இருக்கிறதத்தான் போடுவா" என்றாள் இராக்கம்மா. "ஒன் தொப்பைய எடுக்கிறதுக்கு அவ ஸ்டூடியோவுலயா இருக்கா?"

பன்னிரண்டாவது படங்குதான் பெரியது. இராக்கம்மா குனிந்து படி ஏறுகிறாள், நெற்றியில் கயிறு, முதுகில் ஜெயந்தினி, சூம்பிய கால் காற்றில் தொங்குகிறது. அந்தக் கழுத்தை ஜெயந்தினி எட்டுத் தரம் அழித்து வரைந்தாள். தினமும் மூக்குக்குக் கீழே பார்க்கிற கழுத்து. எந்த நரம்பு எந்தப் படியில் புடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டூடியோவுக்கு அச்சடிக்க வருகிற றின்ஸா என்ற பெண், பதுளையில் நாலைந்து இளசுகள் நடத்துகிற ஒரு சங்கத்தில் இருந்தாள். ஜெயந்தினியின் போனில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, மண்டபம் எடுத்து மூன்று நாள் கண்காட்சி வைக்கிறோம் என்றாள். நல்ல மனசுக்காரி. பேர் போடலாமா, இரண்டு பேரும் யார் என்று எழுதலாமா என்று கேட்டுத்தான் செய்தாள். ஜெயந்தினி தயங்கினாள். இராக்கம்மாதான், "போடுங்க. முதுகுல யாருன்னு கேட்டா என்ன சொல்றது, மூட்டைன்னா?" என்றாள்.

முதல் நாள் முப்பது பேர் வந்தார்கள். நிஷாந்த் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தன் படத்துக்குக் கீழேயே நின்றான். இரண்டாம் நாள் பேஸ்புக்கில் பெரிய படங்கு வந்தது. மலையகத்துப் பெண்கள் இருவரின் காதல் என்று பேரோடு எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் மேல்கணக்கில் எல்லார் கையிலும் இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பையா மகளை லயத்து வாசலில் வைத்து விறகுக் கட்டையால் அடித்தார். ஒரு காம்பராக் கதவும் மூடவில்லை; எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவளுடைய போனைக் கல்லில் வைத்து நசுக்கினார். "இனிமே அவளைத் தொட்டுத் தூக்குன, அந்த முதுகை ஒடிச்சிருவேன்" என்றார். தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டி முப்பது வருஷம் பழகிய கை. சொன்னால் செய்யும்.

ஜெயந்தினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இராக்கம்மா நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒன்றேகால் மணி நேரம். பீலிக்கரையில் பிள்ளைகள், "குதிரை செத்துப்போச்சா?" என்று கேட்டன. அன்று தொடங்கி ஏழு மாதம் அப்படித்தான் ஏறினாள். ரஜீவும் அதே பஸ்ஸில்தான் வருவான். தாண்டிக்கொண்டு போவான். இராக்கம்மா மலையில் எட்டாம் நம்பர் சரிவில் நின்று, கொழுந்து பறிக்கிற மாதிரி, அவள் ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் பார்த்துக்கொண்டது அவ்வளவுதான். பெரிய படங்கைச் சுருட்டி ஸ்டூடியோவின் பின்னறையில் வைத்திருந்தாள் ஜெயந்தினி.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரஜீவ் ஸ்டூடியோவுக்குள் வந்தான். தங்கச்சியைப் பார்க்காமல் நேராக வாஹித் நானாவிடம் போனான்.

"நானா, ஒரு மரண பேனர் அடிக்கணும். அவசரம். படம் ஒண்ணும் பெருசா அடிங்க, தலைமாட்டுல வைக்க."

மேசையில் ஓர் அடையாள அட்டையை வைத்தான். நானா அதைப் பழக்கத்தில் ஜெயந்தினியின் பக்கம் தள்ளினார். அட்டையில் இராக்கம்மாவின் பேர் இருந்தது.

எட்டாம் நம்பர் மலையில் குளவி கலைந்திருக்கிறது. ஒன்பது பேரைக் கொட்டியது. எட்டுப் பேர் வீங்கிய முகத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார்கள். இராக்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியிலேயே போய்விட்டாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் ஜெயந்தினிக்குத் தெரிந்தது அட்டை மட்டும்தான். அதிலிருந்த படம் பதினாறு வயதில் எடுத்தது. ரவிக்கைக்குள் வைத்து வேர்வையிலும் மழையிலும் நனைந்து, மூக்கும் வாயும் கரைந்திருந்தன.

"இதுல ஒண்ணுமில்லையே தம்பி" என்றார் நானா. "வேற படம் இல்லையா?"

"எங்க இருக்கு. ஒரு போட்டோவுலயும் நிக்க மாட்டா. போனையும் மாமா ஒடைச்சுட்டார்." அப்போதுதான் ரஜீவ் தங்கச்சியைப் பார்த்தான். "அந்தச் சாக்கு உன்கிட்டதானே இருக்கு? பேஸ்புக்குல வந்தது பெருசாக்குனா மங்கிரும்."

வெளியே த்ரீவீலரில் இருந்த தம்பையா உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஜெயந்தினி சுவரைப் பிடித்துப் போய்ப் படங்கை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கிழவர் ஒரு விரலால் அவள் நெற்றியைத் தொட்டார்.

"முழுசா வைங்க மாமா" என்றாள் ஜெயந்தினி. "தலைமாட்டுல. நான் வேற ஒண்ணும் கேக்கல. வாசலுக்குக்கூட வரல."

"முழுசாவா?" தம்பையா கையை எடுத்துக்கொண்டார். "சம்பந்தக்காரன் எல்லாம் வருவான். நீதானே ஊர்ல எல்லாரையும் படத்துலருந்து எடுக்கிறவ. உன்னைய எடு. உனக்கென்ன புதுசா?"

"மாட்டேன்."

"அண்ணன் கல்யாணத்துல எடுத்தல்ல?" என்றான் ரஜீவ்.

"அது ஒங்க படம். இது நான் போட்டது, இதுலருந்து மாட்டேன்."

தம்பையா வாதாடவில்லை. பேனர் வெட்டுகிற கத்தி மேசையில் கிடந்தது. எடுத்து, கவ்வாத்து வெட்டுகிற மாதிரி, ஒரே இழுப்பில் சாய்வாக வெட்டினார். பிசிறு இல்லாத வெட்டு. இராக்கம்மாவின் தலையும் கழுத்தும் முன்தோளும் ஒரு துண்டு. மிச்சம் கீழே விழுந்தது. காது குத்த அவர் மடியில் உட்காரவைத்த பிள்ளை அந்த மிச்சத்தில் இருந்தாள்.

வெட்டிய துண்டில் இரண்டு குறைகள் இருந்தன. நெற்றியிலிருந்து போகிற கயிறு அந்தரத்தில் நின்றது. கழுத்தெலும்பின் மேல் நாலு விரல் மிஞ்சியிருந்தது.

"கயித்துக்குப் பின்னால ஒரு கொழுந்துக் கூடை வைங்க" என்றார் தம்பையா. "உழைச்சு செத்த புள்ளைன்னு தெரியட்டும். அந்த விரலை எடுத்துருங்க."

வாஹித் நானா ஜெயந்தினியைப் பார்த்துவிட்டு, "நீ போ புள்ள, மபாஸ் செய்வான்" என்றார். அடுத்த மேசையில் வேலை செய்கிற மபாஸ் துண்டை ஸ்கேன் செய்து திரையில் போட்டான். "நானா, கழுத்து ரொம்ப குனிஞ்சி ஈக்கிது. நிமித்தி, சிரிச்ச மாதிரி வெச்சிறவா?"

"தொடாத" என்றாள் ஜெயந்தினி. "நான் செய்றேன்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் தன் விரல்களை எடுத்தாள், ஒவ்வொன்றாக. விரல் இருந்த இடத்தில் தோலை நிரப்பினாள். பிறகு கூடை. பிரம்பின் பின்னல், மேலே குவிந்த கொழுந்து, ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கழுத்தை மட்டும் தொடவில்லை. வேறொருத்தன் கை வைத்திருந்தால் அது நிமிர்ந்திருக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்தாள். ரஜீவ் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கூடை அசலா இருக்கு" என்றான்.

மறுநாள் சவம் எடுப்பு. ஜெயந்தினியால் முதல் நாளே லயத்துக்குப் போக முடியவில்லை. நிஷாந்தின் அறையில் கிடந்தாள். காலையில் அவன் பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டான். அவனை ஏற விடவில்லை. படிக்கட்டில் நின்ற இளவட்டங்கள் அவன் நடையைப் பார்த்ததுமே மறித்துவிட்டார்கள். அவள் தனியாக உட்கார்ந்து ஏறினாள். படி உராயாமல் இடுப்புக்குக் கீழே கட்டிக்கொள்ள வேறு துணி இல்லை. தம்பையா வெட்டி மிஞ்சிய படங்கைத்தான் கட்டியிருந்தாள். மேலே வந்து சேர்ந்தபோது அதில் எனாமல் உரிந்து, சூம்பிய கால் இருந்த இடத்தில் சாக்கு நூல் தெரிந்தது.

படி முடிகிற இடத்தில் பேனர் கட்டியிருந்தது. அதைத் தாண்டி அவளை விடவில்லை. "இங்கேயே இரு. உள்ள சனம்" என்றாள் விஜயலெட்சுமி. உள்ளே பறை அடித்தார்கள். ஒப்பாரி கேட்டது. இராக்கம்மாவோடு கொழுந்து எடுத்த பெண்கள் ஆறேழு பேர் பேனருக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்திக்குக் குளவி கொட்டிய கண் இன்னும் திறக்கவில்லை. மற்றக் கண்ணால் படத்தைப் பார்த்தாள்.

"என்னாடி இது? பதினெட்டுக் கிலோ கூடைக்கு எவ இப்படிக் குனிவா?"

"அதானே" என்றாள் இன்னொருத்தி. "கழுத்து நரம்பைப் பாரு. இது மூணு கூடைப் பாரம்."

அந்தப் பெண்கள் அது யார் பாரம் என்று தெரியாதவர்கள் இல்லை. வருஷக்கணக்காக அந்தப் படியில் பார்த்தவர்கள்தான்.

விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். "என் மக போட்டது. அவ எந்த நாளு மலைக்குப் போனா? கூடை தூக்கிப் பழக்கமில்லாதவ, தப்பாப் போட்டுட்டா. விடுங்க."

கண் வீங்கியவள் கீழே, படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "அப்படியா புள்ள? தப்பாப் போட்டுட்டியா?"

ஜெயந்தினி பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"பாரம் சரிதாங்க" என்றாள். "கூடைதான் தப்பு."

விஜயலெட்சுமி குனிந்து மகளின் வாயில் அடித்தாள். ஒரு அடி, எல்லார் முன்னாலும். பெண்கள் விலகி உள்ளே போனார்கள். கண் வீங்கியவளும் போனாள்.

சவம் எடுத்தார்கள். ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்துப் படி இறங்கினார்கள், ரஜீவ் முன்னால். வழி விடச் சொல்லி ஜெயந்தினியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார்கள். பெண்கள் கீழே முச்சந்திவரை போய்த் திரும்புவது அங்கே வழக்கம். அதுவரைக்குமாவது போய்விட வேண்டும் என்று அவள் உட்கார்ந்தபடியே இறங்கத் தொடங்கினாள். இறங்குவதும் அவளுக்கு ஏறுவது மாதிரித்தான். அறுபதாவது படியில், சுமை இறக்குகிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் வந்தபோது, முச்சந்தியில் நின்று திரும்பிய பெண்கள் எதிரே ஏறி வந்தார்கள். பீலியில் தலை முழுகுகிற அவசரம். ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிக்கொண்டு மேலே போனார்கள்.